கேட்டதை உள்ளபடி எழுதவும்

"இது காதுங்களா, காளான் பண்ணைங்களா?" என்றார் டாக்டர் ஜெபராணி.

மோகனப்பிரியாவின் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஹெட்போன் மாட்டறீங்க?"

"ஒன்பதுங்க டாக்டர்."

"எத்தனை வருஷமா?"

"பதினொன்னுங்க."

டாக்டர் விளக்கை அணைத்தார். "இறுக்கி மூடுன ஹெட்போன். உள்ள வேர்வை. காத்துப் போக வழியில்லை. பூஞ்சைக்கு இதை விட நல்ல வாடகை ஊடு பீளமேட்டுலயே கெடைக்காதுங்க. இன்னும் ஒரு மாசம் உட்டீங்கன்னா பட்டா போட்டுக்கும். அடுத்த திங்கக்கிழமையில இருந்து அது உங்க காதுப்பக்கமே வரக்கூடாது. முதுகு திறந்த ஹெட்போன் இருக்குது, காத்துப் போகும். அதை மாட்டுங்க. இல்லீன்னா வேற வேலை பாத்துக்குங்க."

வேற வேலை!

மோகனப்பிரியாவுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுக் கடகடவென்று பேசிப் பதிவு செய்வார். அதைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கும். கம்ப்யூட்டர் எழுதியது சரிதானா என்று பீளமேட்டில் உட்கார்ந்து காதால் கேட்டுத் திருத்த வேண்டும். டாக்டர் இருமினால் இருமல் என்று எழுத வேண்டும். பக்கத்தில் நர்ஸ் முணுமுணுத்தால் அந்த முணுமுணுப்பும் வர வேண்டும். கேட்டதை விடக்கூடாது, கேட்காததைச் சேர்க்கக்கூடாது. தொழில் மொத்தமும் இவ்வளவுதான். அதற்குக் காது வேண்டும், இரண்டும் வேண்டும்.

முதலாளி தேவானந்தம் நல்ல மனிதர். விஷயம் காதில் விழுந்ததும் சென்னை டீலரிடம் சொல்லி, உயர் ரகத்தில் மூன்று ஹெட்போன்களை மாதிரிக்கு வரவழைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு டீலரின் ஆள் வருவான். எது வேண்டுமோ அதற்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

திங்கட்கிழமை காலை மோகனப்பிரியா மூன்றையும் மேஜையில் பரப்பி, ஒரே டாக்டரின் ஒரே பேச்சை மூன்றிலும் கேட்டாள்.

முதலாவது கறுப்பு. உடம்பு பூராவும் இரும்பு, அரைக் கிலோ கனம். சத்தம் ஜோர். ஆனால் இருபதாவது நிமிடம் மூக்குக் கண்ணாடியின் கால் பொட்டில் பதிந்து, தலை பட்டறை வைஸில் மாட்டிய குழாய் போல ஆனது. இரண்டாவது மரம். ஊஞ்சல் பலகை மாதிரி பளபளப்பு. அதில் டாக்டரின் பேச்சு பாகில் தோய்த்தெடுத்த மாதிரி வந்தது. மூலநோயைப் பற்றிப் பேசும்போதுகூட இனித்தது. தவிர, உச்சந்தலையில் ஒரே இடத்தில் குத்தியது. மூன்றாவது சாம்பல் நிறம். பார்க்க ஒன்றுமில்லை. வெல்வெட் மெத்தை, தலைக்கு மேல் அகலமான துணிப்பட்டை. பத்து நிமிடம் கழித்துத் தலையைத் தடவிப் பார்த்துத்தான் மாட்டியிருப்பதைத் தெரிந்துகொண்டாள். டாக்டர் நேர் எதிரே மூன்றடியில் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலி இடப்பக்கம் கிரீச்சிட்டது. வலப்பக்கம் யாரோ காகிதம் புரட்டினார்கள். காதுக்குள் காற்று போய் வந்தது.

ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். 'சாம்பல் போதும். அடித் தாளம் கொஞ்சம் குறைவு, நமக்குத் தாளம் தேவையில்லை. சத்தம் வெளியே கேட்கும், ஆகவே ஓரத்துக் கேபின் வேண்டும்.' நாற்பது நிமிடத்தில் மதிப்பீடு முடிந்தது.

தேவானந்தம் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"தெளிவா எழுதிருக்கறீங்க அம்மணி. எல்லாஞ் சரி. சான்று?"

"என்ன சான்றுங்க சார்?"

"கழகத்துச் சான்றுங்க. நம்ம கம்பெனியில அது இல்லாம ஒரு ஸ்பூன் வாங்கறதில்லீங்க. நான் அங்க ஆயுள் உறுப்பினரு. அந்த டீ ஃப்ளாஸ்க்கப் பாருங்க."

பார்த்தாள். ஃப்ளாஸ்க்குக்கு மேலே சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. 'இச்சாதனம் மேல்நிலைத் தொட்டியை உரிய நேரத்தில் நிரப்பும்' என்றிருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்கிட்டு வந்துபோடுங்க. சான்று எதுக்கோ அதுக்கு ஆர்டர். சான்று இல்லீன்னா ஆர்டரும் இல்லீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

*

கொங்கு மண்டல மோட்டார், பம்பு மற்றும் இதர சாதனங்கள் தரச் சான்றுக் கழகம், பெயரைப் போலவே நீளமான கட்டடம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அதன் செயலாளர் ரவிக்குமார் மோகனப்பிரியாவை எழுந்து நின்று வரவேற்றார். காபி கொடுத்தார். காபி குடித்ததும் மோர் கொடுத்தார். மோர் குடித்ததும் விண்ணப்பத்தைக் கொடுத்தார். அது பன்னிரண்டு பக்கம்.

"ஹெட்போன் இதர சாதனத்துல வருதுங்க. இதரத்துக்குன்னு தனி ஃபாரம் இல்லீங்க. பம்பு ஃபாரத்துலயே எழுதிக்கலாமுங்க."

முதல் கேள்வி: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?

மோகனப்பிரியா பூஜ்யம் போட்டாள்.

"பூஜ்யம்னா ரிப்பேருன்னு அர்த்தமுங்க. திருப்பி அனுப்பிருவாங்க."

"பொருந்தாதுன்னு எழுதட்டுங்களா?"

"பொருந்தாத பம்ப எதுக்குங்க சான்றுக்குக் கொண்டு வந்தீங்கன்னு கேப்பாங்க." ரவிக்குமார் பேனாவை வாங்கினார். "ஒன்னுன்னு போட்டுக்கலாமுங்க. ஒன்னுக்கு யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

ஆக, மூன்று ஹெட்போன்களும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் இறைக்கும் என்று பதிவாயிற்று. எத்தனை அடி ஆழத்திலிருந்து என்ற கேள்விக்கு அவள் உயரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஹெட்போனைத் திருப்பிப் பார்த்தவரின் முகம் மாறியது.

"ஏனுங்க, பொறத்தாண்டி மூடியக் காணோமே! ஊட்டுல மறந்துபோட்டு வந்துட்டீங்களா?"

"மூடி கிடையாதுங்க. பின்பக்கம் திறந்திருந்தாத்தான் காத்துப் போகும். சத்தமும் மண்டைக்குள்ள அடைச்சுக்காம, ஹால்ல உக்காந்து கேக்கற மாதிரி இருக்குமுங்க."

"அப்படிங்களா," என்றார் அவர் பணிவாக. 'மூடி இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

மத்தியானம் மோகனப்பிரியா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது மூன்று ஹெட்போன்களின் முதுகிலும் பிளம்பர்கள் ஒட்டும் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. காற்றுப் போக ஊசி முனை இடமில்லை.

"ஓட்டையெல்லாம் அடைச்சுக் குடுத்துட்டமுங்க," என்றார் ரவிக்குமார் பெருமையாக. "இலவச சேவைங்க. ஓட்டையோட வந்த பொருள நாங்க ஓட்டையோட திருப்பி அனுப்பறதில்லீங்க."

அவளுக்கு அழுகை வந்தது. இடது காது விண்விண் என்று தெறித்தது. பரிசோதனைக் கூட உதவியாளர் ரிஃபத் ஹெட்போன்களை வாங்கிக்கொண்டு போய், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்துக் கொண்டு வந்தார். கழகத்தில் காது உள்ள ஒரே ஆள் அவர்தான். அதனாலோ என்னவோ அவருக்கு ஓட்டுரிமை கிடையாது.

*

புதன்கிழமை, சௌகரியப் பரிசோதனை.

முதலில் குத்துவிளக்கு. பிறகு பொன்னாடை. தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, மூன்றாவது உறுப்பினரான கிரைண்டர் தயாரிப்பாளர் வேலுமணிக்கு ஒன்று. ஒரு பொன்னாடை மிச்சம் வந்தது. அதை ஹெட்போன் பெட்டிகளுக்குப் போர்த்தினார்கள்.

தலைவர் பொங்கியண்ணன் மைக்கைப் பிடித்தார். எழுபத்திரண்டு வயது. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி அதிபர். கழகத்தை ஆரம்பித்தவரே அவர்தான். அப்போதிலிருந்து அவரே தலைவர்.

"நான் பாட்டுக் கேக்கறவன் இல்லீங்க," என்று ஆரம்பித்தார். "இந்தக் குழுவுல யாருமே பாட்டுக் கேக்கறவங்க இல்லீங்க. அம்பது வருசம் ஃபவுண்டரியில நின்னு எனக்குப் பாதிக் காது போச்சு. வேலுமணிக்கு முக்கால் காது போச்சு. அதனாலதான் சொல்றேன், எங்க தீர்ப்புல பாரபட்சங்கறதுக்கே எடமில்லீங்க."

கைதட்டல் மூன்று பேரிடமிருந்து வந்தது. அதில் ஒன்று அவருடையது.

முப்பத்தைந்து நிமிடம் பேசினார். பிறகு மூவரும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். தலைவருக்குக் கறுப்பு, செயலாளருக்கு மரம், வேலுமணிக்குச் சாம்பல். பாட்டோ பேச்சோ எதுவும் போடப்படவில்லை. சத்தம் வியாழக்கிழமையின் இலாகா. அரை மணிக்கு ஒருமுறை மாற்றி மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

அரை மணி ஆயிற்று. யாரும் கழற்றவில்லை.

ஒரு மணி ஆயிற்று. தலைவரின் காது மடல் இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன. நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. மரத்தை மாட்டியிருந்த ரவிக்குமார் உச்சந்தலைக் குத்தைத் தாங்காமல் கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சார், வலிச்சாக் கழட்டிக்கலாமுங்களே," என்றாள் மோகனப்பிரியா மெதுவாக.

"தலைவரு போட்டிருக்கறப்ப நான் எப்படீங்க கழட்டறது?" என்றார் ரவிக்குமார் பல்லிடுக்கில்.

தலைவரிடம் போனாள். "ஐயா, நீங்க மொதல்ல..."

"அவிய ரெண்டு பேரும் போட்டிருக்கறப்ப நான் மட்டும் கழட்டுனா மரியாதைங்களா கண்ணு? அதுவும் போக, ஊடு தேடி வந்த ஒறம்பரை மாதிரி இது. ஒறம்பரை வந்து உக்காந்த மேல, எப்பக் கெளம்பறீங்கன்னு கேக்கறதுங்களா?"

மரியாதையின் பூட்டு விழுந்துவிட்டது. சாவி யாரிடமும் இல்லை. அவர் கழற்றட்டும் என்று இவர்களும், இவர்கள் கழற்றட்டும் என்று அவரும், மூன்று மணி நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் காப்பாற்றியது சாப்பாட்டு மணி. இலையில் சோறு ஆறிவிடும் என்பதால் மாற்றி மாட்டிப் பார்ப்பது ரத்தாயிற்று.

மதிப்பெண் போடும் நேரம்.

"கறுப்பு எப்படீங்கய்யா?" என்றார் ரவிக்குமார்.

தலைவர் காதைத் தடவினார். காது இருந்தது. "நல்ல புடிமானமுங்க. உட்டாப் போகாது. அம்பதுக்கு அம்பது."

மரத்துக்கு ரவிக்குமாரே நாற்பத்தைந்து போட்டார். தலைவரை விட அதிக வலி என்று காட்டிக்கொள்ள அவர் விரும்பவில்லை.

"வேலுமணி, சாம்பல் எப்படீங்க?"

"எந்தச் சாம்பலுங்க?" என்றார் வேலுமணி.

"உங்க தலையில இருக்கறதுங்க."

வேலுமணி கையைத் தலைக்குக் கொண்டுபோனார். திடுக்கிட்டார். "அட, நான் எனக்கு இன்னும் குடுக்கவே இல்லியேன்னு பாத்துட்டு இருந்தனுங்க!"

ரவிக்குமார் எழுதினார்: 'உணர்வு ஏதும் இல்லை. சாதனம் செயல்படவில்லை. பூஜ்யம்.'

மோகனப்பிரியா துள்ளி எழுந்தாள். "சார்! மாட்டுனதே தெரியலீன்னா அதுதானுங்களே சௌகரியம்?"

"சௌகரியம்னா தெரியோணுமல்லங்க அம்மணி," என்றார் ரவிக்குமார் பரிவோடு. "தெரியாத சௌகரியத்துக்கு எப்படீங்க மார்க்குப் போடறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா எதைக் காட்டறது?"

வெளியே வந்தபோது ரிஃபத் வராந்தாவில் நின்றிருந்தார்.

"இன்னும் வழி இருக்குதுங்க்கா. நாளைக்குச் சத்தத்துக்கு அம்பது. அதை முழுசா வாங்கிட்டா பாஸு. சத்தத்துக்கு உபயோகிக்கறவங்க கருத்துத்தான் கணக்கு. அதாவது நீங்க. ஃபாரத்துல என்ன கேட்டிருக்குதோ அதை மட்டும் சரியா எழுதிருங்க, போதும்."

*

வியாழக்கிழமை.

ஒலிப் பரிசோதனைக்குக் கழகத்திடம் ஒரே ஒரு ஒலிப்பதிவுதான் இருந்தது. அதன் பெயர் ஆதார ஒலி. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பொங்கியண்ணனின் ஃபவுண்டரியில் ஓடிய ஒரு ஐந்து குதிரைசக்தி மோட்டாரின் சத்தம், டேப்பில் பிடித்தது, ஒரு நிமிடம். 'குறையற்ற மோட்டார் இப்படித்தான் ஒலிக்கும்' என்று தீர்மானம் போட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அன்றிலிருந்து சான்று கேட்டு வரும் எந்த மோட்டாரும் இந்தச் சத்தத்தோடு ஒத்துப் போக வேண்டும். ஹாலின் மூலையில் உள்ள கூம்பு ஸ்பீக்கரில் அதைப் போடுவார்கள். போடும்போது எழுந்து நிற்பார்கள்.

இன்றும் மூவரும் எழுந்து நின்றார்கள். மோகனப்பிரியா மட்டும் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டாள். அவள் முன்னால் ஃபாரம். அதில் ஒரு பெரிய கட்டம். கட்டத்துக்கு மேலே அச்சில்: 'கேட்டதை உள்ளபடி எழுதவும்.'

கறுப்பில் ஹூம் என்று ஒரு மோட்டார் ஓடியது. மரத்தில் அதே மோட்டார் தம்புரா மாதிரி ஓடியது.

சாம்பலை மாட்டினாள். ரிஃபத் பொத்தானை அழுத்தினார்.

ஹால் மறைந்தது. தகரக் கொட்டகைக்குள் இருந்தாள். மோட்டார் நேர் எதிரே. இடப்பக்கச் சுவரில் சத்தம் பட்டுத் திரும்பியது. வெளியே எங்கோ ஒரு லாரி. பிறகு... அவள் நிமிர்ந்தாள். கண்ணை மூடினாள். மறுபடி போடச் சொன்னாள். பதினொரு வருஷப் பழக்கம், கை தானாக எழுதியது.

எழுதி முடித்தபோது மனசு நிறைந்திருந்தது. வேறு எந்த ஹெட்போனிலும் கேட்காத ஒன்று இதில் கேட்கிறது. ஐம்பதுக்கு ஐம்பது, சந்தேகமே இல்லை! ஃபாரத்தை நீட்டினாள்.

ரவிக்குமார் புன்னகையோடு வாங்கிப் படித்தார்:

'0:00. மோட்டார் ஓடும் சத்தம். 0:06 முதல், நான்கு விநாடிக்கு ஒருமுறை பேரிங்கில் கரகரப்பு. 0:14. ஆண் குரல், தொலைவில், இடப்பக்கம்: ஏனுங்க மொதலாளி, பேரிங் போயிருச்சுங்க, நிறுத்தட்டுங்களா? 0:18. ஆண் குரல், அருகில்: உசுரோட இருக்கற வரைக்கும் ஓட்டு. ரெக்கார்டுக்காரன் போன மேல பாத்துக்கலாம். 0:23. தும்மல் (அருகில் இருப்பவர்).'

புன்னகை அப்படியே இருந்தது. முகம்தான் அதற்குப் பின்னாலிருந்து கழன்று போய்விட்டது. தலைவருக்காக வைத்திருந்த தண்ணீரை எடுத்து ரவிக்குமார் மடமடவென்று குடித்தார்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவசரக் கூட்டம். கதவு சாத்தப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றப்படவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலேயே தெரிந்தது.

பொங்கியண்ணன் ஃபாரத்தை மூன்றாவது தடவையாகப் படித்தார்.

"அப்படியெல்லாம் நான் பேசவே இல்லீங்க," என்றார். கொஞ்சம் யோசித்தார். "அப்படியே பேசீருந்தாலும், ரெக்கார்டுல உழுகற அளவுக்குப் பேசீருக்க மாட்டனுங்க."

"தும்மலு உங்க தும்மலு மாதிரித்தான் இருக்கோணும்," என்றார் வேலுமணி. மற்ற இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டார்.

தலைவர் எழுந்தார்.

"இருபத்தொன்பது வருசமுங்க! எட்டாயிரம் மோட்டாரு! ஒவ்வொன்னையும் இந்தச் சத்தத்தோட வெச்சுப் பாத்தோம். ஒத்துப் போனதுக்குச் சான்று குடுத்தோம். ஒத்துப் போகாம, எந்தச் சத்தமும் இல்லாம, எண்ணெய் மாதிரி ஓடுன மோட்டார எல்லாம் ஈவு எரக்கம் பாக்காமத் திருப்பி அனுப்புனோம். எத்தன பேரு இந்த வாசல்ல நின்னு அழுதாங்க தெரியுங்களா? ஒருத்தருக்கும் நாங்க வளைஞ்சு குடுக்கலீங்க. அப்பேர்ப்பட்ட ஸ்தாபனமுங்க இது!"

சொல்லி முடித்ததும், என்ன சொன்னோம் என்பது அவருக்கே மெல்ல உறைத்தது போலிருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

ரவிக்குமார் நாற்காலியை மோகனப்பிரியாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலில் தேன்.

"அம்மணி, நீங்க கேட்டது தப்புன்னு நாங்க சொல்லலீங்க. ஆறாவது விநாடியில இருந்து தும்மல் வரைக்கும் ஒரு கோடு போட்டு அடிச்சிருங்க. அவ்வளவுதானுங்க. மோட்டார் ஓடும் சத்தம்ங்கறது மட்டும் இருக்கட்டும். சாம்பலுக்கு அம்பதுக்கு அம்பது, இப்பவே கையெழுத்து, இப்பவே சீலு. அஞ்சு மணிக்கு உங்க ஆர்டரு போயிரும். காதும் பொழைச்சுக்கும்."

பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார்.

மோகனப்பிரியா பேனாவைப் பார்த்தாள். காலையில்தான் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். நான்கு விரல்கடை நீளத்துக்கு ஒரு கோடு. யார் செத்துப் போகப் போகிறார்கள்? இருபத்தொன்பது வருஷப் பழைய பேரிங். அந்த மோட்டாரே இந்நேரம் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

பேனா முனை ஃபாரத்தில் பட்டது. கை நகரவில்லை. கேட்ட ஒன்றை இதுவரை ஒருமுறைகூட அடித்ததில்லை அந்தக் கை. இன்று அடித்தால், திங்கட்கிழமை எங்கோ ஒரு நோயாளி 'நெஞ்சு வலிக்குது' என்று முனகுவதையும் அடிக்கப் பழகிக்கொள்ளும்.

பேனாவை மூடினாள்.

"கேட்டுதுங்க சார். அடிக்க வராதுங்க."

"கண்ணு..." என்றார் தலைவர்.

"வராதுங்க."

மூன்று பேரும் தனியாகக் கூடிப் பேசினார்கள். நாலு மணிக்குத் தீர்ப்பு தட்டச்சாகி வந்தது. 'சாம்பல் நிறச் சாதனம், இல்லாத மனிதர்களைப் பேசவும் தும்மவும் வைக்கிறது. நிராகரிக்கப்பட்டது. கறுப்பு நிறச் சாதனம், நிமிடத்துக்கு ஒரு லிட்டர், மிகச் சிறந்தது.'

தேவானந்தத்துக்குப் போன் செய்தாள். அவர் சந்தோஷப்பட்டார்.

"கறுப்புக்குக் கெடைச்சிருச்சுங்களா? நல்லதாப் போச்சு அம்மணி! டீலரு ஆளு அவினாசி ரோட்டுல வந்துட்டு இருக்கறானாமா. கறுப்புக்கே சொல்லிப்போடறேன்."

"சார், கறுப்ப என்னால..."

"சான்று இருக்குதல்லங்க, அப்பறம் என்னங்க?"

லைன் போய்விட்டது.

*

வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டியின் முன்னால் மூன்று பெட்டிகளையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் செருப்புச் சத்தம்.

பொங்கியண்ணன்! பொன்னாடை இல்லை. செயலாளர் இல்லை. தனியாக வந்திருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவளைத் தன் கார் மறைவுக்குக் கூப்பிட்டார்.

"கண்ணு, கோவிச்சுக்காத. ஒரு சின்ன ஒத்தாசை." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "என்ற பையன் அருண்குமாரு புதுசா ஒரு மோட்டாரு பண்ணீருக்கறான். சத்தத்தப் புடிச்சு அனுப்பீருக்கறான். நாளைக்கு உடுமலையில நம்ம தென்னந்தோப்புல மாட்டறோம். நீ அந்தச் சாம்பல்ல போட்டுக் கேட்டு, நெசமாவே நல்லாருக்குதான்னு சொல்லோணும்."

மோகனப்பிரியா அவரையே பார்த்தாள். "கழகத்துல குடுத்துப் பாக்கலாமுங்களே ஐயா?"

"அது ஊருக்குங்க கண்ணு," என்றார் பொங்கியண்ணன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "திங்கக்கிழமை சான்றுக்கும் இதே ரகத்துல இன்னொரு மோட்டாரு வருது. ஆனா நம்ம தோப்புக்கு நெசமான மோட்டாரு வேணுமல்ல?"

மணி நாலு நாற்பது. நாலு நாள் மோர் குடித்த வயிறு பற்றி எரிந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக மோகனப்பிரியாவுக்குப் பேரம் பேச வந்தது.

"நான் எப்படீங்கய்யா கேக்கறது? இது இல்லாத மனுசங்களப் பேச வெக்கற சாதனம்னு இப்பத்தானுங்களே எழுதிக் குடுத்தீங்க?"

அவர் தாடையைத் தடவினார்.

"மொதல்ல சாம்பலுக்குச் சான்று குடுங்க. அப்பறம் கேக்கறேன்," என்றாள்.

"குழு கூடோணுமே கண்ணு! கோரத்துக்கு மூனு பேரு வேணும், தீர்மானம் வேணும், வெளக்கு..."

"டீலரு ஆளு அஞ்சு மணிக்கு வாரானுங்க. அப்பறம் சாம்பல் சென்னைக்குப் போயிரும்."

பொங்கியண்ணன் ஒரு கணம் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். மறு கணம் கார்க் கதவைத் திறந்தார். டேஷ்போர்டுக்குள், திருநீற்றுப் பொட்டலத்துக்கும் சுங்கச்சாவடி ரசீதுகளுக்கும் நடுவே, சீல் குத்திய வெற்றுச் சான்றிதழ்கள் ஒரு கட்டு இருந்தன. ஒன்றை உருவினார். கார் பானெட்டில் வைத்துப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் முப்பது விநாடி.

"அப்ப இந்த நாலு நாளு எதுக்குங்கய்யா?"

"அதெல்லாம் ஒரு மொறைங்க கண்ணு. மொறைய உட முடியுங்களா?"

மோகனப்பிரியா சான்றிதழை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்தாள். அப்புறம்தான் பெட்டியைத் திறந்தாள். அதோடு வந்திருந்த விரல் நீள ஆம்ப்ளிஃபயரைப் போனில் செருகினாள். சாம்பலைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஒரு தடவை கேட்டாள். பெரியவர் கையைப் பிசைந்தார். இரண்டாம் தடவை கேட்டாள். அவர் நெற்றியைத் துடைத்தார்.

கழற்றினாள்.

"சொல்லு கண்ணு! கரகரங்குதா?"

"இல்லீங்கய்யா. ரொம்பச் சுத்தமான மோட்டாருங்க. தண்ணி ஓடற மாதிரி ஓடுது. தைரியமாத் தோப்புல மாட்டுங்க."

பொங்கியண்ணன் முகம் அமராவதி அணை நிறைந்த மாதிரி பொங்கியது. "என்ற பையனாச்சே! அவன் அப்பன் மாதிரியில்ல..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நின்றார். முகத்து அணையில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது.

"துளி கரகரப்புக் கூட இல்லீங்களா?"

"துளி கூட இல்லீங்க."

"நல்லாக் கேட்டியா?"

"ரெண்டு தடவை கேட்டனுங்க."

அவர் கார்க் கதவில் சாய்ந்துவிட்டார். "அடக் கெரகமே! அப்பத் திங்கக்கிழமை கழகத்துல தோத்துப்போகுமே!"

மகனுக்குப் போன் போட்டார்.

"அருணு, தோப்புக்குப் போற மோட்டார யாரும் தொட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் கண்ணு. சான்றுக்குப் போறது இருக்குது பாரு, அதுல மட்டும் பேரிங்குக்குள்ள ஒரு புடி மணலப் போட்டு உடு."